வாசலில் வேப்பிலை கட்டியவர்கள்

வேப்பிலை கட்டியதற்கெல்லாம் ஒரு கம்பெனியைத் தண்டிக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. என் கணவரே கேட்டிருக்கிறார். இத்தனை வருடக் குடித்தனத்தில் நாங்கள் சண்டை போடாத விஷயம் கிடையாது. ஆனால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது மட்டும்தான் நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன். அவர் கெட்டவர் இல்லை. வாலாஜாபாத் அரிசி மில்லில் கணக்கு எழுதியவர், எதையும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று வைத்துப் பார்த்தே பழகியவர். "அவங்களுக்கு இன்னாமா தெரியும், தெரியாம செஞ்சிட்டாங்க," என்றார். தெரியாமல் செய்தார்களாம். தெரிந்ததால்தான் செய்தார்கள் என்பதை இன்றுவரை அவர் மண்டையில் என்னால் ஏற்ற முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். தலைப்பிரசவத்துக்காகக் காஞ்சிபுரத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா பட்டு நெசவாளி. முன்கூடத்தை முழுக்கத் தறி பிடித்துக்கொண்டிருக்கும், அதை ஒட்டி ஒரு சின்ன அறை. அந்த அறையில் பாயில் படுத்துப் பார்த்தால் தறியின் ஓரமும் தெருவாசலில் பாதியும் தெரியும். அன்றைக்கு நடந்ததையெல்லாம் நான் அந்தப் பாதி வாசல் வழியாகத்தான் பார்த்தேன், மீதியைக் காதால் கேட்டேன்.

பெரியம்மை அப்போது இன்னும் ஊரைவிட்டுப் போயிருக்கவில்லை. வெயில் ஏறினால் அதுவும் ஏறும். ஒரு வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கும். அதன்பிறகு அந்த வீட்டுக்குள் யாரும் போக மாட்டார்கள், அங்கிருந்தும் யாரும் வெளியே வர மாட்டார்கள். அடுப்பில் தாளிக்கும் வாசனை வராது. தறி ஓடாது. அம்மை இறங்கி, நோயாளியின் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வீட்டுக்கு வந்த அம்மனை மரியாதையாக அனுப்பிவைத்த பிறகுதான் வேப்பிலையும் இறங்கும். அதற்கு முன்னால் அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள், கட்டினவர்கள்கூட.

அம்மா அதில் ஒருமுறை கை வைத்தவள். எனக்கு மூத்தவன் ஒருவன் இருந்தானாம். அவனுக்கு அம்மை போட்டுக் கொப்புளமெல்லாம் வாடிவிட்டது. தறிக்கான பட்டிழையைத் தெருவில் பாவு நீட்ட ஆட்கள் வரவேண்டியிருந்தது, வேப்பிலை தொங்கினால் வர மாட்டார்கள். எல்லாம் இறங்கிவிட்டதே, தண்ணீர் ஊற்றத்தானே பாக்கி என்று அம்மா கொத்தை எடுத்துவிட்டாள். மறுநாள் பையன் இல்லை. இதை அம்மா எங்களிடம் சொன்னதே கிடையாது. அப்பாதான் ஒருதரம், அவள் இல்லாத நேரத்தில், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

எனக்கு வலி எடுத்தது விடிவதற்குச் சற்று முன்னால். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு முனிசிபாலிட்டி நர்சம்மாவைக் கூட்டிவரக் கிளம்பினார். எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கே பாவு நீட்ட ஆரம்பித்துவிடுவார்கள். தெருவின் நீளத்துக்குப் பட்டிழையை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் உறைப்பதற்குள் காயவைத்து எடுத்துவிட வேண்டும். அதனால் எங்கள் தெரு எப்போதும் ஊருக்கு முன்னால் விழித்துக்கொள்ளும். அன்றும் வெளியே பேச்சும் சிரிப்பும் கேட்டன, இருட்டில் யாரும் தங்கள் வாசலை நிமிர்ந்து பார்த்திருக்கவில்லை. கிழக்கு வெளுக்கும்போது அப்பா கதவைத் திறந்தார். திறந்த கதவில் கை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

எங்கள் வாசல் நிலையில் தோரணம் கட்ட ஒரு ஆணி உண்டு. அதில் பச்சையாக ஒரு வேப்பிலைக் கொத்து தொங்கியது. எதிர்வீட்டிலும் தொங்கியது. அதற்கடுத்த வீட்டிலும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு வாசல் பாக்கியில்லை. ஒவ்வொரு கொத்திலும் மஞ்சள் காகிதம் ஒன்று செருகியிருந்தது. அப்பாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். வாய்விட்டே படித்தார்.

"இன்று மாலை உங்கள் வீட்டுக்கு வருகிறேன்."

அவ்வளவுதான். வருவது யார் என்று இல்லை, கையெழுத்து இல்லை. எங்கள் ஊரில் வேப்பிலையோடு மஞ்சள் காகிதத்தில் வருகிறேன் என்று சொன்னால், வருவது யார் என்று கேட்க எவரும் இல்லை.

எதிர்வீட்டு அம்மாதான் முதலில் கத்தினாள். தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம் அது. எங்கள் தெருவில் பாதிப் பிரசவத்துக்கு நர்சம்மாவின் பக்கத்தில் நின்று கைகொடுத்தவள் அவள். என் பிரசவத்துக்கும் வருவதாகச் சொல்லியிருந்தாள். "அம்மவாரு வச்சிந்தி, அம்மவாரு வச்சிந்தி" என்று, அம்மன் வந்துவிட்டாள் என்று தெலுங்கில் அலறிக்கொண்டே பிள்ளைகளை வாரி இடுப்பிலும் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு, திருப்புட்குழியில் இருந்த தங்கை வீட்டுக்கு ஓடினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான்கு பிள்ளைகள் வைத்திருப்பவள் வேறு என்ன செய்வாள்.

அதற்குப் பிறகு தெருவில் நடந்ததைக் காதால்தான் கேட்டேன். கதவுகள் அடித்துச் சாத்துகிற சத்தம். யாரோ திரும்பத் திரும்ப ஒரு பையன் பெயரைக் கூப்பிடுகிற சத்தம். பாத்திரம் உருளுகிறது, வண்டி பூட்டுகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் வாலாஜாபாத் பஸ்ஸின் கூரைமேல்கூட ஆட்கள் ஏறி உட்கார்ந்தார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். கஞ்சி தடவிய பாவைத் தெருவிலேயே விட்டுவிட்டு ஓடினவர்கள் உண்டு. பங்குனி வெயிலில் அது முறுகி, தொட்டால் அறுகிற மாதிரி ஆகிவிட்டது. பட்டைத் தெருவில் போட்டுவிட்டு நெசவாளி ஓடுகிறான் என்றால் அது என்ன பயம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. கடைசியில் தறிச் சத்தம் சுத்தமாக நின்றது. பிறந்ததிலிருந்து நான் அந்தச் சத்தம் இல்லாமல் இருந்ததில்லை. வலியைவிட அதுதான் எனக்கு பயமாக இருந்தது.

அப்பா ஓட்டமும் நடையுமாகப் போய் நர்சம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தார். நர்சம்மாவை ஏற்றிவந்த ரிக்ஷாக்காரர் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். ஆளில்லாத தெருவில் அவர் தோல்பையோடு தனியாக நடந்து வந்து எங்கள் வாசலுக்கு முன்னால் நின்றார். வெள்ளைப் புடவை கட்டிய உருவம் ஒன்று பாதி வாசலில் வந்து நின்றதும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் உருவம் நின்ற இடத்திலேயே நின்றது.

"உள்ள யாருக்குங்க?" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்ல நர்சம்மா. சத்தியமா இல்ல. பொண்ணுக்கு இடுப்பு வலி, அவ்ளோதான்," என்றார் அப்பா.

"அப்ப இது இன்னாத்துக்குத் தொங்குது?"

"தெரியலமா. காலைல பாத்தா தெரு பூராவும் இருக்குது."

அப்பா சொன்னது உண்மை. ஆனால் அம்மை வந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் அதையேதான் சொல்வார்கள். சுகாதார இலாகாவுக்குத் தெரிந்தால் நோயாளியை ஊருக்கு வெளியே தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். வாசலில் அம்மனுக்காக வேப்பிலை கட்டுவார்கள், சர்க்காருக்காக யாருக்கும் ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்வார்கள். நர்சம்மா அந்த மாதிரிச் சத்தியங்களை எத்தனை வாசல்களில் கேட்டிருப்பாரோ.

"அம்மை வூட்டுக்குள்ள போன கையோட நான் இன்னொரு பச்சப் புள்ளையத் தொட முடியாதுங்க," என்றார். "இன்னிக்கே இன்னொரு பொம்பளை எனக்காகக் காத்துக்கினு இருக்குது. யாருக்கும் ஒண்ணும் இல்லன்னா இதைக் கழட்டுங்க. கழட்டினா நான் இப்பவே உள்ள வந்துடறேன்."

அப்பாவின் கை மேலே போவதைப் பார்த்தேன். போன கை பாதியில் நின்றது. அம்மா நடுவில் வந்துவிட்டாள்.

"வேணாங்க. கட்டினது யாருன்னு தெரியாது. தெரியாததை எப்டிக் கழட்றது? ஒருவாட்டி கழட்டிட்டு நான் பட்டது போதும்."

"வூட்ல பொண்ணு கத்துதுமா."

"எனக்குக் கேக்கலியா நர்சம்மா? பெத்தவ நானு." அம்மா கை கூப்பினாள். "நீங்களே கழட்டிடுங்க. நான் கண்ண மூடிக்கிறேன்."

நர்சம்மா கொத்தை நிமிர்ந்து பார்த்தார். அவர் ஊருக்கு வெளியே இருந்த காலனியில் பிறந்து, பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்து, நர்ஸ் வேலைக்கு வந்தவர். பிள்ளைப்பேற்றுக்கு மட்டும் ஊர் அவரை வீட்டுக்குள் விட்டது.

"நான் சர்ச்சுக்குப் போறவமா," என்றார். "நான் கை வச்சி, நாளைக்கி இந்தத் தெருவுல ஒரு புள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் அல்லாரும் எங்க தெருவுக்குத்தான் வருவீங்க. என் வூட்ட மட்டுமா பாப்பீங்க? எங்க சனம் மொத்தத்துக்கும் பேஜாராயிடும்."

நான் உள்ளேயிருந்து கத்தினேன். "எனக்கு அம்மை இல்லமா! வந்து பாருங்க! கையப் பாருங்க!" என்று படுத்தபடியே இரண்டு கையையும் வாசல் பக்கம் நீட்டினேன். அந்த இருட்டறையில் நீட்டின கை தெருவில் நிற்பவருக்கு எங்கே தெரியப்போகிறது.

வாசலில் நின்ற மூன்று பேரும் எனக்கு வேண்டியவர்கள். மூன்று பேர் சொன்னதும் நியாயம். நான் எத்தனையோ தடவை மூவரையும் மனசுக்குள் கூண்டில் ஏற்றி விசாரித்துப் பார்த்துவிட்டேன், ஒருவரையும் குற்றவாளி என்று சொல்ல வாய் வரவில்லை.

என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்றால் தெருவுக்குள் வண்டி வரவில்லை. கட்டிலில் போட்டுத் தூக்க நான்கு தோள் வேண்டும். அப்பா கதவு கதவாகத் தட்டினார், உள்ளே ஆள் இருந்த வீடுகளிலும் திறக்கவில்லை. கடைசியில் நர்சம்மா அப்பாவைச் சுகாதார இன்ஸ்பெக்டரிடம் ஓடச் சொன்னார். அவர் வந்து பார்த்து, இந்த வீட்டில் அம்மை இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், வேப்பிலை தொங்கினாலும் உள்ளே வந்துவிடுவதாகச் சொன்னார். அப்பா ஓடினார். ஆனால் வேப்பிலை எங்கள் தெருவில் மட்டும் இல்லை, நெசவுத் தெருக்கள் எல்லாவற்றிலும் இருந்தது. இன்ஸ்பெக்டரை ஊரே தேடிக்கொண்டிருந்தது.

நர்சம்மா போய்விடவில்லை. அதை நான் எழுதியே ஆகவேண்டும். அந்த வெயிலில் வாசல்படிக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, அங்கிருந்தபடியே எனக்கு வைத்தியம் பார்த்தார். "முக்காத! நான் சொல்ற வரைக்கும் முக்காத!" என்று கத்துவார். "ஏம்மா, தலை தெரியுதா பாரு!" என்று அம்மாவைக் கேட்பார். அம்மா பார்த்துவிட்டு வாசல்வரை ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு மறுபடியும் என்னிடம் ஓடிவருவாள். தலை வந்தது. அதோடு நின்றது.

"கழுத்துல கை வச்சிப் பாருமா. கொடி சுத்திக்கினு இருக்குதா?"

"இருக்குது நர்சம்மா, இருக்குது!"

"வெரல உள்ள விட்டு மெதுவாத் தூக்கு. தலை வழியாக் கழட்டு. ஜல்தியாக் கழட்டுமா!"

அம்மாவின் விரல்கள் தறியில் பழகியவை. அறுந்த இழை எது என்று கண்ணால் பார்க்காமலே தடவி எடுத்து முடிந்துவிடுவாள். அந்த விரலுக்கு இது பிடிபடவில்லை. வழுக்கியது, இறுகியிருந்தது. "கழட்டு, கழட்டு" என்று வெளியேயிருந்து குரல் வந்துகொண்டேயிருந்தது. "வரலியே, வரலியே" என்று அம்மா அழுதாள். எனக்கு அவள் முகம் மட்டும் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்துபோயிற்று.

பெண் குழந்தை. அழவில்லை. அம்மா அவளை அப்படியே துணியில் ஏந்திக்கொண்டு ஓடி, வேப்பிலைக்கு அடியில் கையை நீட்டினாள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நர்சம்மா வாங்கிக்கொண்டார். தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். வாயோடு வாய் வைத்து ஊதினார். தெருவில் உட்கார்ந்து மடியில் போட்டுத் தேய்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு அது முடியவே இல்லை. பிறகு அவர் எழுந்து, குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வேப்பிலையின் கீழே குனிந்து உள்ளே வந்தார்.

"தொட்டாச்சி, இனிமே இன்னா," என்று மட்டும் சொன்னார். அந்த இன்னொரு பெண்ணுக்கு வேறு நர்ஸைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தெருமுனையில் போன ஒருவரைக் கூப்பிட்டுத் தகவல் அனுப்பிவிட்டு, எனக்குச் செய்யவேண்டியதைச் செய்தார். என் கையை அப்போதுதான் பார்த்தார். சுத்தமான கை. கையைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் கிடைக்காமல் அப்பா திரும்பி வந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு வேகவதி ஆற்றங்கரைக்குப் போனார். துணைக்கு யாரும் வரவில்லை, அவரே தோண்டி அவரே மூடினார்.

சாயங்காலம் வேன் வந்தது. சொன்ன சொல் தவறாமல் வந்தது.

கூரைமேல் அட்டையில் செய்த பெரிய சோப்பு, முன்னால் இரண்டு ஒலிபெருக்கி. "காலையில் உங்கள் வாசலில் வேப்பிலை கட்டியது யார்? பயப்படாதீர்கள் தாய்மார்களே! வேம்பின் குளிர்ச்சியை உங்கள் வீட்டுக்கே கொண்டுவந்திருக்கிறோம்!" சென்னையிலிருந்து ஒரு சோப்புக் கம்பெனி. பங்குனி உத்திரத்துக்கு ஊரில் கூட்டம் சேரும், அதற்கு முன்னால் பெயர் பரவட்டும் என்று ஏற்பாடு. வேன் தெருத்தெருவாக ஊர்ந்தது. ஒளிந்திருந்தவர்கள் வெளியே வந்தார்கள். முதலில் கல் பறந்தது. பிறகு இலவச சோப்பு என்று அறிவித்தார்கள், கல்லெடுத்த கையே நீண்டது. எங்கள் ஜனங்களை எனக்குத் தெரியாதா. காலையிலிருந்து செத்துப் பிழைத்தவர்கள், உயிரோடு இருக்கிறோம் என்ற சந்தோஷத்தில் எதைக் கொடுத்தாலும் வாங்கியிருப்பார்கள்.

ஆற்றிலிருந்து திரும்பிவந்த அப்பா அந்தக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டார். கையில் இன்னும் மண் இருந்தது. வேனிலிருந்து குனிந்த ஒருவன் அந்தக் கையில் ஒரு சோப்பை வைத்துவிட்டான். அப்பா யார் எதைக் கொடுத்தாலும் மறுக்கத் தெரியாதவர். வீடுவரை அதைப் பிடித்துக்கொண்டே வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் தறிமேடையில் வைத்தார். பச்சை நிறம். நல்ல சோப்புதான், அதையும் சொல்லிவிடுகிறேன். தெருவே ஒரு மாதம் அந்த வாசனையோடு இருந்தது.

சில நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒருவர் காரில் வந்தார். வெள்ளைப் பேண்ட், பழக்கூடை. யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். உட்காரச் சொன்னால் தறியைப் பார்த்துவிட்டு எங்கே உட்காருவது என்று தயங்கினார். நான் அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "ரொம்ப வருத்தமா இருக்குங்க. நாங்க விசாரிச்சிட்டுத்தான் செஞ்சோம். வேப்பிலைன்னா மங்கலமான விஷயம், எல்லாரும் நின்னு பார்ப்பாங்கன்னு சொன்னாங்க. இப்படி ஆகும்னு யாரும் நெனைக்கல," என்றார். என் அப்பா அதற்கு என்ன செய்தார் தெரியுமா? முக்குக்கடைக்கு ஆளனுப்பி அவருக்குக் கலர் சோடா வாங்கிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்த மனிதர், வெயிலில் வந்திருக்கிறார் என்று. எனக்கு எழுந்து போய் அந்தப் பாட்டிலைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. எழுந்திருக்க உடம்பில் தெம்பில்லை. அவர் சோடா குடிக்கிற சத்தத்தைக் கடைசிவரை கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்ததால் அப்பா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே சப் இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் பேசினாராம். "இன்னா செக்ஷன்ல போடறது பெரியவரே? வேப்பிலை கட்டினது குத்தம்னா கோயில் பூசாரியத்தான் மொதல்ல புடிக்கணும். உம் பொண்ணு விஷயத்துல நர்ஸு உள்ள வராம நின்னுட்டாங்க. அது தப்பு. அவங்க மேல எழுதிக் குடு, நடவடிக்கை எடுக்கலாம்." அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஆனாலும் யாரையாவது தண்டித்தாக வேண்டுமே. வேப்பிலை கட்டினவர்கள் வாலாஜாபாத் பக்கத்துக் கூலிக்காரப் பையன்கள். கட்டச் சொன்னார்கள், கட்டினோம் என்றார்கள். அவர்களைத் தெரு அடித்தது, பிறகு போலீஸ் அடித்தது, கோர்ட்டு அபராதம் போட்டது. அந்த வழக்கில் கம்பெனியின் பெயரே வரவில்லை என்று சொன்னார்கள். அப்பா எழுதிக் கொடுக்காவிட்டாலும் முனிசிபாலிட்டி தானாகவே நர்சம்மாவுக்கு மாற்றல் போட்டது. கம்பெனியைப் பற்றி எல்லாப் பேப்பரிலும் செய்தி வந்தது, சோப்பு இன்னும் நன்றாக விற்றது.

தெரியாமல் செய்தார்கள் என்று என் கணவர் சொல்லும்போது எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வருகிறது என்றால் இதனால்தான். மாவிலை கட்டியிருக்கலாமே? மாவிலையைப் பார்த்து யார் நிற்பார்கள்? எங்கள் ஊரில் எந்த இலையைப் பார்த்தால் கால் தானாக நிற்கும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு அந்த இலையைக் கட்டினார்கள். கால் நிற்பது பயத்தால்தான் என்று விசாரித்தவர்களுக்கா தெரியாது? ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊர் பயந்து கிடக்க வேண்டும், அப்போதுதான் சாயங்காலம் சோப்புக்கு மரியாதை. அந்த ஒரு பகல்தான் அவர்கள் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. அந்தப் பகலில் யார் வீட்டில் யாருக்கு என்ன ஆகும் என்பது அவர்கள் யோசனையில் இல்லை. தண்டிக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் பெண்ணுக்கு ஈடாக எதைக் கேட்பது. ஆனால் எந்தச் செக்ஷனும் இல்லை என்று பொறுமையாகச் சொன்னார்களே, அந்தச் செக்ஷனை ஒருவராவது உட்கார்ந்து எழுதியிருக்கலாம்.

மாற்றலாகிப் போவதற்கு முன்னால் நர்சம்மா என்னைப் பார்க்க வந்தார். தெருவில் மற்ற எல்லா வாசலிலும் வேன் வந்த அன்று சாயங்காலமே வேப்பிலையைப் பிய்த்து எறிந்துவிட்டார்கள். எங்கள் வாசலில் மட்டும் அது காய்ந்து சருகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "யார் கட்டினா இன்னா, எலை அவளோடதுதானே," என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பாவும் அதைத் தொடவில்லை.

நர்சம்மா வாசலில் வந்து நின்றார். அன்று ஒருமுறை அதற்கடியில் குனிந்து வந்தவர்தான், ஆனாலும் அதைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. பைகூட அன்றைக்குப் பிடித்த அதே கையில் இருந்தது. அவர் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். தறியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள், தடுக்கவில்லை.

முடிச்சு கெட்டியாக இருக்கும், அவிழ்க்கக் கஷ்டப்பட வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் கையைத் தூக்கினேன். நூலின் நுனியை விரல் தொட்டதுமே கொத்து கையோடு வந்துவிட்டது. முடிச்சே இல்லை. அத்தனை வாசலையும் விடிவதற்குள் முடிக்க வேண்டுமே, ஆணியில் நூலைச் சும்மா இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்சம்மாவும் பார்த்தார். அப்பா தறிமேடையிலிருந்து எழுந்துவந்து அந்த நூலை வாங்கி, விரலால் தடவித் தடவி முடிச்சைத் தேடினார்.

அன்று காலையில் ஒரு காற்று அடித்திருந்தால் போதும், தானாக விழுந்திருக்கும். பங்குனியில் எங்கள் ஊரில் இலை அசையாது.